நிற்கும் நேரம்

அன்பு மகள் வாண்டுவுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே அதேபோல இருப்பீர்கள் என்ற நினைப்பில் இதை எழுதுகிறேன். போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். போனில் நீ வாயைத் திறந்ததுமே "அப்புறம் பேசறேம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட்டு ஓட முடியாது பார்.

நீ அனுப்பிய ஊர் சுற்றும் திட்டம் வந்து சேர்ந்தது. செல்போனில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிந்ததால் கோடு போட்ட தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டேன். பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் கூண்டுக்குள் ஆயுசைக் கழித்தவன் கையில் இப்படி ஒரு தாள் கிடைத்தால் சும்மா இருப்பானா? சிவப்புப் பேனாவையும் எடுத்துவிட்டேன். உன் அம்மா, "ரிட்டயர் ஆகியும் இந்த மனுஷனுக்குக் கை அரிக்குது" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முதல் நாள் காலை மியூசியத்துக்கு மூன்று மணி நேரம் கொடுத்திருக்கிறாய். உடைந்த பானைகளுக்கு எதற்கம்மா அவ்வளவு நேரம்? உன் அம்மா பானையைப் பார்த்து, இதில் எத்தனை பேருக்குச் சமைத்திருப்பார்கள் என்று ஒரு கேள்வி கேட்பாள். அத்தோடு அவளுக்கு மியூசியம் முடிந்தது. மீன் காட்சியகத்துக்கு அரை மணி என்று போட்டிருக்கிறாய். அங்கேதான் அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள், இழுத்தாலும் வரமாட்டாள். மணிக்கூண்டில் படி ஏற அவள் முழங்கால் இடம் தராது, அதை அடித்துவிட்டேன். ஏரியில் படகு எனக்குச் சம்மதம். உன் அம்மாவை ஒவ்வொரு இடத்திலிருந்தும் கிளப்ப என் பழைய விசிலைக் கொண்டுவரப் போகிறேன். அது இன்னும் காலண்டர் ஆணியில்தான் தொங்குகிறது.

வேலை பார்த்தவன் என்கிற முறையில் ஒரு குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் திட்டத்தில் நிற்கும் நேரமே இல்லை. ஒரு வண்டி போய்ச் சேர்ந்ததும் உடனே திருப்பி அனுப்பக் கூடாது. இன்ஜின் ஆற வேண்டும். டிரைவர் ஒரு டீ குடிக்க வேண்டும், காலை நீட்டி உட்கார வேண்டும். அதற்கென்று கொஞ்சம் ஒதுக்கித்தான் நாங்கள் அட்டவணை போடுவோம். நிற்கும் நேரம் இல்லாமல் அட்டவணை போடுகிறவன் ஒன்று வண்டி ஓட்டிப் பழக்கமில்லாதவனாக இருப்பான், இல்லையென்றால் எதையோ மறைக்கிறவனாக இருப்பான். உன்னை முதல் ரகத்தில் சேர்த்துவிட்டேன்.

இன்னொன்று. ராத்திரி தங்க ஸ்டேஷன் பக்கத்தில் லாட்ஜ் போட்டிருப்பதாகவும், வீட்டில் பெயின்ட் வேலை நடப்பதாகவும் எழுதியிருக்கிறாய். போன தடவை நாங்கள் வருகிறோம் என்றபோதும் பெயின்ட்தான் அடித்துக்கொண்டிருந்தீர்கள். அது என்ன வீடா, அரண்மனையா? உன் அம்மாவுக்கு மியூசியமும் வேண்டாம், மீனும் வேண்டாம். நீ குடியிருக்கும் வீட்டை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும், உன் பக்கத்தில் தரையில் பாய் போட்டு ஒரு ராத்திரி படுக்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான். பெயின்ட் வாடை எங்களை ஒன்றும் செய்யாது. அங்கே இங்கே கொஞ்சம் வெட்டி அதற்கு இடம் பண்ணு.

மாப்பிள்ளைக்கு இளநீலத்தில் ஒரு சட்டை எடுத்திருக்கிறோம். தோள் அகலம் எவ்வளவு என்று கடைக்காரர் கேட்டதற்கு உன் அம்மா அங்கே வந்து நின்ற யாரோ ஒருவரைத் திருப்பி நிறுத்தி, "இவரை விட ஒரு விரக்கடை கூட" என்று சொல்லிவிட்டாள். எனக்கு மானம் போய்விட்டது.

வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க நாளை எண்ணிக்கொண்டிருக்கும்
அப்பா

*

என் கண்ணு வாண்டுவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? போன கடிதத்தில் எழுதிய மாதிரி உங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கேட்கவில்லை. உன்னை, உன்னை மட்டும் கேட்கிறேன்.

என் கடிதத்துக்கு நீ அனுப்பிய பதிலில் கோளரங்கத்தையும் சேர்த்திருந்தாய். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரி, ரத்தப் பரிசோதனை லேப்பில் நாள் முழுக்க ஊசியும் கையுமாக நிற்கிற பெண், அவளுக்கு இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எந்த இடத்துக்கு எந்த பஸ், எது சுற்றி வரும், எது நேரே போகும் என்பதெல்லாம் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேருக்காக ஊர் முழுக்க அலைகிற மாப்பிள்ளைக்குத்தான் தெரியும் என்று தோன்றியது. வழியில் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை மிச்சம் பிடித்து அதை உன் வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு கணக்கு. அவரைக் கூப்பிட்டேன்.

மியூசியத்துக்கு எந்த பஸ் என்று கேட்டேன். அவர், "மாமா, அவ உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியா?" என்று கேட்டார். தான் அந்த வீட்டை விட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது என்றார். மரியாதையாகத்தான் பேசினார். யார் மேல் தப்பு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வைக்கும்போது, மியூசியத்துக்கு எந்த பஸ் என்று கேட்டீர்களே என்று நினைவாக அந்த நம்பரைச் சொன்னார். நானும் சிவப்புப் பேனாவால் அதைக் குறித்துக்கொண்டேன். அந்த நேரத்திலும் நம்பரைக் குறித்துக்கொண்டேன் பார், நான் என்ன ஜென்மம்!

அதற்குப் பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, அழுதேன். எட்டு மாதமாக நீ வேலை முடிந்து அந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்பி, தனியாக விளக்கைப் போட்டு, ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாய். அதே நாட்களில் நாங்கள் இங்கே மாப்பிள்ளையின் தோள் அகலத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். வீட்டில் பெயின்ட் வேலை எதுவும் நடக்கவில்லை, இல்லையா? வீட்டில் பாதி சாமான் இருக்காது. அதை எங்களுக்குக் காட்டக் கூடாது என்றுதான் ஊர் முழுவதையும் காட்டப் பார்த்திருக்கிறாய். உன்னை முதல் ரகத்தில் சேர்த்த எனக்கு என்ன அனுபவம் இருந்து என்ன பிரயோஜனம்.

உன் அம்மாவிடம் இதைச் சொல்லக் கூடாது என்று முடிவு பண்ணினேன். அவளுடைய பிரஷருக்கு இது ஆகாது. ஊருக்குப் போய் வரும் வரைக்குமாவது அவள் மீனைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு தாளையும் பேனாவையும் எடுத்து உட்கார்ந்து, கோளரங்கத்துக்கு எவ்வளவு நேரம் என்று அவளிடமே யோசனை கேட்டேன். அவளும் பதில் சொன்னாள். நான் நன்றாக நடிக்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை கூட.

நேற்று அவள் பெட்டி அடுக்கினாள். நான் பக்கத்தில் நின்று எடை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நீலச் சட்டையைக் கையில் எடுத்தாள், மடிப்பை நீவிவிட்டாள், பெட்டிக்குள் வைக்கவில்லை. என்னிடம் நீட்டி, "இத நீங்க போட்டுப் பாருங்க" என்றாள். எனக்கு அது தொளதொள என்று இருக்குமே என்றேன். "பரவால்ல, போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். நான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த அறையிலேயே நின்றேன். தோள் இரண்டும் முழங்கையை நோக்கித் தொங்கின. அவளுக்கும் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கடைசியில் அவளிடம் கேட்டேன். உன்னோடு போனில் பேசும்போதெல்லாம் பின்னால் டிவி அலறுமாம், நீ நடுவில் "கொஞ்சம் சத்தத்தக் குறைங்களேன்" என்று அவரைப் பார்த்துக் கத்துவாயாம். எத்தனையோ மாதமாக நீ அப்படிக் கத்தவே இல்லையாம். "அவ பேசுறப்போ பின்னாடி ஒரு சத்தமும் இல்லீங்க" என்றாள். சொன்னால் நான் தாங்க மாட்டேன் என்று அவள் என்னிடம் மறைத்திருக்கிறாள். சட்டை எடுக்கும்போதும் அவளுக்குத் தெரியுமாம். ஒருவேளை நாம் நினைப்பது தப்பாக இருந்துவிடாதா என்று ஒரு ஆசையில் எடுத்தாளாம். அதைச் சொல்லும்போதுதான் அவள் உடைந்து அழுதாள்.

எங்களுக்குத் தெரியாமல் இருக்க நீ பட்ட பாடு கொஞ்சமா? லேப்பில் இரண்டு நாள் லீவு கேட்டு, அந்த இரண்டு நாளிலும் மூச்சு விட இடமில்லாமல் மியூசியம், மீன், படகு, நட்சத்திரம் என்று அடைத்து வைத்திருக்கிறாய். எங்காவது ஒரு மரத்தடியில் சும்மா உட்கார்ந்தால் உன் அம்மா உன் முகத்தைப் பார்த்துவிடுவாள் என்று பயந்திருக்கிறாய். என் தங்கமே, எங்களுக்குப் பயப்படலாமா?

இப்போது நான் போட்ட திட்டத்தைச் சொல்கிறேன். லாட்ஜைக் கூப்பிட்டு அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஸ்டேஷனிலிருந்து நேராக உன் வீடு. நீ வாசலில் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டைக் கூட்டி வைக்க வேண்டாம், காலியான இடத்தில் எதையாவது இழுத்துப் போட்டு மறைக்கவும் வேண்டாம். முதல் நாள் முழுக்க வீடு. இரண்டாம் நாளும் வீடு. உனக்கே எங்காவது போகலாம் என்று தோன்றினால், உன் அம்மாவுக்கு அந்த மீன்களைக் காட்டலாம். தோன்றாவிட்டால் அவை எங்கேயும் போய்விடாது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். திரும்பி வர எனக்கு மட்டும்தான் டிக்கெட் எடுத்திருக்கிறேன். உன் அம்மா பெட்டியில் வைத்திருக்கும் புடவைகளைப் பார்த்தால் அவள் இரண்டு நாளில் கிளம்புகிற உத்தேசத்தில் இல்லை. நானும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

நீலச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வரப்போகிறேன். பார்க்கச் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இருப்பேன். உனக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துவிடம்மா. நீ சிரித்துக் கேட்டு வெகு நாளாகிறது.

எத்தனையோ வண்டிகளை, ஆட்கள் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே, நேரமாகிவிட்டது என்று விசில் ஊதி அனுப்பியிருக்கிறேன். அந்த விசில் ஆணியிலேயே தொங்கட்டும், கொண்டுவரவில்லை. நீ சொல்ல வேண்டியதைச் சொல்லு, சொல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால் உட்கார்ந்திரு. நாங்கள் நிற்கிறோம். கதவை மட்டும் திறந்து வை, கண்ணு.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்
அப்பாவும் அம்மாவும்