பூங்கா வரிக்கு நான் போட்ட ஓட்டு

அன்பு மகள் ஷெல்பிக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்து சேர்ந்தன. உன் அப்பாவும் போட்டுக்கொள்கிறார், யார் அனுப்பியது என்று கேட்காமலே. அலாஸ்காவில் இந்நேரம் பனி கொட்டிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும்போது வண்டியை மெதுவாக ஓட்டு.

போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் கடிதம். போன செவ்வாய்க்கிழமை இங்கே ஓட்டெடுப்பு நடந்தது. பூங்கா வரியை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டிப்பதா வேண்டாமா என்று. நம் ஊர்க் கடைகளில் எதை வாங்கினாலும் நூறு டாலருக்குப் பத்து சென்ட் போகிறதே, அதேதான். ஏரிக்கரைப் பூங்காவும் ஊருக்கு வடக்கே இருக்கும் புல்வெளிக் காப்பகமும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. காப்பகத்தில் வேலை பார்த்த உன் தம்பி வெஸ்லியின் சம்பளமும் அதிலிருந்துதான் வந்தது. வரி நின்றுபோனால் காப்பகத்தை வீட்டுமனைக்கு விற்பதைத் தவிர வழியில்லை என்று நகரசபையில் சொல்லிவிட்டார்கள்.

உன் அப்பா வேண்டாம் என்ற பக்கம். ஆகஸ்டிலேயே வாசலில் 'வேண்டாம்' பலகையை நட்டுவிட்டார். டயர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பில்லில் அந்த வரியைக் காட்டி, "என் பையனைத் தின்ன இடத்துக்கு நானே என் கையால வசூல் பண்ணிக் குடுக்கிறேன், பாத்துக்கோ" என்பார். அவர்கள் பாவம், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். வெஸ்லி போய் ஒரு வருஷமும் எட்டு மாதமும் ஆகிறது. இத்தனை நாளில் நாங்கள் காப்பகத்துச் சாலைப் பக்கம் வண்டியைத் திருப்பியதே இல்லை.

அக்டோபரில் டானிகா வீட்டுக்கு வந்தாள். வெஸ்லியோடு வேலை பார்த்த பெண். அன்று அவனோடு புல்லுக்கு நெருப்பு வைக்கப் போனவர்களில் ஒருத்தி. பலகையைப் பார்த்தும் பார்க்காதது போல உள்ளே வந்தாள். "ஓட்டுக் கேக்க வரல நோரீன். ஒரு தடவ வந்து பாருங்க. பாத்துட்டு எங்களத் திட்டினாலும் சரி" என்றாள். அப்பா கடையில் இருந்தார். நான் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கருகிக் கிடக்கும் என்று நினைத்துத்தான் போனேன், ஷெல்பி. புல் என் தோளுக்கு மேல் நின்றது, செம்பு நிறத்தில். பழைய புல்லை எரித்தால்தான் புதுசு எழும் என்று வெஸ்லி சொல்லும்போதெல்லாம் அப்பா, "சம்பளம் வாங்கிட்டுக் கொளுத்துறவனை இப்பத்தான் பாக்கறேன்" என்று கேலி செய்வாரே, ஞாபகம் இருக்கிறதா? காற்று திரும்பி நெருப்பு அவனைச் சூழ்ந்த இடத்தை டானிகா காட்டினாள். அங்கே சிலுவையோ கல்லோ எதுவும் இல்லை. நடக்க வந்த யாரோ இரண்டு பேர் என்னைப் பார்த்து, இன்றைக்கு நாள் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆமாம் என்றேன். இங்கே வீடுகள் வந்துவிட்டால் அவன் எங்கே போவான் என்று தோன்றியது. பைத்தியக்கார எண்ணம்தான்.

ஓட்டுப் போடும் நாளில் எப்போதும் போல ஒரே வண்டியில் தேவாலயக் கூடத்துக்குப் போனோம். பக்கத்துப் பக்கத்தில் நின்றுதான் சீட்டை நிரப்பினோம். நான் 'வேண்டும்' என்ற வட்டத்தைக் கறுப்பாக்கினேன். திரும்பும் வழியில் அவர், "நம்ம ரெண்டு ஓட்டு விழுந்தாச்சு" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அறுபத்து மூன்று ஓட்டு வித்தியாசத்தில் வரி நிலைத்துவிட்டது. மறுநாள் காலை காபி ஊற்றும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கோப்பையைக் கீழே வைத்தார். "அந்த வேலையை அவன் கேக்கவே இல்ல நோரீன். நான்தான் காப்பகத்துக்காரங்ககிட்டப் போய்ப் பேசினேன்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து வெஸ்லியின் அறையில் படுக்கிறார்.

அடக்கம் முடிந்து வந்து சமையலறையில் நீ அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "என்கூட அலாஸ்காவுக்கு வந்திருப்பான், நீங்கதான் புடிச்சு வச்சீங்க" என்றாய். துக்கத்தில் வந்த பேச்சு; அன்றோடு நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதே நின்றுபோனது. உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குற்றத்தை அந்த நிலத்தின் மேல் வைத்துத்தான் அவர் இத்தனை நாள் எழுந்து நடமாடியிருக்கிறார். அதையும் நான் பறித்துவிட்டேன்.

வருகிற மார்ச்சில் அதே பகுதியை மறுபடி எரிக்கப் போகிறார்களாம். எங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று டானிகா நேற்று வந்து சொன்னாள். அப்பா அறையிலிருந்து வெளியே வந்து, "எந்தத் தேதி?" என்றார். காற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாள் அவள். "பாரு. நல்லாப் பாரு" என்றார். பிறகு, தானும் வரலாமா என்று கேட்டார்.

நான் அவர் பக்கத்தில் நிற்பேன். நான் ஒருத்தி போதாது. மார்ச்சில் லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் செய். நான் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுகிறேன். என்ன பேச வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அங்கே எத்தனை அடி பனி என்று சொன்னால்கூடப் போதும், மகளே. கடவுள் உன்னைப் பத்திரமாக வைக்கட்டும். உன் அப்பாவுக்கு உன் குரலைக் கேட்கக் கொடுக்கட்டும்.

என்றும் உன் அம்மா,
நோரீன்