நடுவில் எதற்கு இத்தனை ஊர்

ஜூலை 1, செவ்வாய்

காலையில் மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு வெயில். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. பூதலூர் முழுக்க நாற்றங்கால் பேச்சு. எங்கள் வீட்டில் மட்டும் விமானப் பேச்சு.

கனடாவிலிருந்து மகள் தேனு போன். நமக்குக் காலை, அவளுக்கு முந்தின நாள் சாயங்காலம். திருச்சியில் ஏறி, இரண்டு இடத்தில் விமானம் மாறி, அவள் இருக்கும் கால்கரியில் இறங்குவது. வருகிற 24 புறப்பாடு. இதுதான் முதலில் பேசியது. இன்று புதிதாக ஒன்று.

"வர்ற வழிதானப்பா, சிங்கப்பூர்ல ரெண்டு நாள் இருந்து பாத்துட்டு வாங்களேன். நீங்க எங்க போயிருக்கீங்க?"

எங்கே போயிருக்கிறேன்? செக்கிங் இன்ஸ்பெக்டராக வாழ்க்கை முழுக்க பஸ்ஸில் ஏறி அடுத்த ஸ்டாப்பில் இறங்கியாயிற்று. ஊரைப் பார்த்ததில்லை. டிக்கெட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

என் மனைவி வசந்தா உடனே சரி என்றுவிட்டாள். எனக்கு எங்கோ இடித்தது. போன மாதம் வரை "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்றவள் தேனு.

வாங்க வேண்டியது: பிரஷர் மாத்திரை மூன்று மாதத்துக்கு. எனக்கு ஸ்வெட்டர். பருப்புப் பொடி, வற்றல். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை வ. ஏற்கெனவே எடுத்துவிட்டாள், பட்டுக்கரை போட்டது.

ஜூலை 4, வெள்ளி

தஞ்சாவூர். டிராவல்ஸ் ஆபீஸ். ஏசி ஓடுகிறது, குளிரவில்லை. செந்தில் என்கிற பையன்தான் நம் டிக்கெட்டைப் பார்க்கிறான். சிரித்துக்கொண்டே இருக்கிறான். அதுவே பிடிக்கவில்லை.

"சிங்கப்பூர் ரெண்டு நைட்டு, டோக்கியோ மூணு நைட்டு, போட்டுடலாம் சார்."

"டோக்கியோ எங்கேருந்து வந்துச்சு?"

"கனடாவுலேருந்து மேடம் நேத்தே மெயில் போட்டாங்களே சார். உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. இவன்தான் கிளப்பிவிட்டிருக்கிறான், சந்தேகமே இல்லை. ஓட்டல்காரனிடம் கமிஷன் வாங்குவான். டோக்கியோவில் எனக்கு என்ன வேலை? என் தாத்தா போட்ட உழவா நின்றுபோயிருக்கிறது?

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு ஆள் என்னைப் பார்த்ததும் பாக்கெட்டைத் தடவினார். ரிடையர் ஆனாலும் முகம் ரிடையர் ஆகவில்லை.

ஜூலை 7, திங்கள்

புழுக்கம். கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

தேனு வீடியோவில். டோக்கியோவைப் பற்றிக் கேட்டேன்.

"சும்மா பாக்கலாம்னுதாம்பா. அம்மாவுக்கு கால் வீங்கும்ல, ஒரேடியா உக்காந்து வந்தா?"

நியாயமான காரணம்தான். அதுதான் உறுத்துகிறது. டிக்கெட் எடுத்தவன் காரணம் சொல்ல மாட்டான், டிக்கெட்டைக் காட்டுவான். எடுக்காதவனிடம்தான் நியாயமான காரணமாக இருக்கும்.

"மாப்பிள்ளை இல்லையாம்மா?"

"குளிச்சிட்டிருக்காருப்பா."

போன தடவையும் குளித்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின தடவையும். அந்த ஊரில் தண்ணீர்க் கஷ்டமே கிடையாது போலிருக்கிறது.

இன்னொன்று. முன்பெல்லாம் அடுப்படி மேடையில் போனைச் சாய்த்து வைத்துப் பேசுவாள். பின்னால் பெரிய ஜன்னல், ஜன்னலில் ஒரு மரம். பனியில் வெள்ளையாக நின்றதைக் காட்டியிருக்கிறாள். இப்போது முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர். வ.விடம் சொன்னேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள்.

ஜூலை 10, வியாழன்

பேராவூரணியிலிருந்து சம்பந்தி வந்தார், மாப்பிள்ளையின் அப்பா. ஒரு சாக்குத் தேங்காய். சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவர் இல்லை. காப்பியைக் கையில் வைத்தபடி வெகுநேரம் மட்டைத்தேங்காய் விலையைப் பேசினார். பிறகு,

"பாப்பா எதும் சொன்னுச்சுங்களா?"

"எதைப் பத்தி?"

"இல்ல, பொதுவாத்தான். நீங்க போறத பத்தி."

"உங்க புள்ள எதும் சொன்னாருங்களா?" என்று நானும் கேட்டேன்.

"அவன் எங்கங்க பேசறான். வேல."

அவர் என்னை ஆழம் பார்க்கிறார், நான் அவரை. தேங்காய் மூட்டை நடுவில். மூன்று மாதம் நாங்கள் போய் உட்கார்ந்தால் அவர் பிள்ளைக்குத் தொந்தரவு என்று நினைக்கிறாரா? ஊர் ஊராகச் சுற்றவிட்டு நாளைக் குறைக்கச் சொன்னதே இவர்தானோ? செந்திலை விட்டுவிட்டேன். இப்போது சந்தேகம் சம்பந்திமேல்.

ஜூலை 13, ஞாயிறு

புறப்பாடு 24. 17-ஆம் தேதியே ஆடி பிறந்துவிடுகிறது. ஆடியில் புறப்படக்கூடாதாம். அதனால் பரஸ்தானம்: நல்ல நாளில் பெட்டியை மட்டும் அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்பது. பயணம் அன்றைக்கே புறப்பட்டதாகக் கணக்கு.

"பதினோரு நாள் தாங்குமாடி?"

"ஜோசியர் தாங்கும்னுட்டாரு."

இது கண்டக்டர் வண்டி கிளம்புமுன்பே டிக்கெட் கிழித்துவைக்கிற கேஸ். என் காலத்தில் மெமோ கொடுத்திருப்பேன். சொன்னேன். வ. காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல நேரத்தில் பெட்டியை உருட்டிக்கொண்டு கிழக்கு வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டுப் பாக்கியம் வாசலில் கோலம் போட்டு வைத்திருந்தது. பெட்டியை அதன் பீரோ பக்கத்தில் வைத்தோம்.

"இனிமே இது திரும்ப நம்ம வீட்டுப் படி ஏறக்கூடாது. ஏறினா பயணம் கெட்டுடும்" என்றாள் வ.

பெட்டிக்கு இருக்கிற மரியாதை.

ஜூலை 15, செவ்வாய்

ஸ்வெட்டரை வைக்க மறந்துவிட்டது. பாக்கியம் வீட்டுக்குப் போனேன். பெட்டியைத் தூக்கினால், சுளுவாக வருகிறது. இருபத்து மூன்று கிலோ வரை போகலாம், நிரம்பிவிட்டது என்று வ. சொன்னாள். அன்றைக்கு நான் சக்கரத்தில் உருட்டினேன், கனம் தெரியவில்லை. இது இருபது கிலோகூடத் தேறாது.

பாக்கியத்தைப் பார்த்தேன். பாக்கியம் என்னைப் பார்த்தது.

"என்ன மாமா, பூட்டு சரியா இருக்கான்னு பாக்குறீங்களா?"

"சேச்சே" என்றேன். பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பூட்டு சரியாக இருந்தது. சாவி வ. இடுப்பில். ஸ்வெட்டரைப் பாக்கியத்திடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

வ.விடம் பெட்டி கனமில்லையே என்றேன். "நல்லதுதானே, தூக்க சுளுவு" என்றாள். அது பதிலே இல்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி 1. காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. வாசலில் காய்ந்த வற்றலில் பாதி மண்.

செந்தில் போன். சிரிப்பு குறைந்திருந்தது.

"சார், மேடம் இன்னொரு ஸ்டாப் சொல்லியிருக்காங்க. வான்கூவர், நாலு நைட்டு."

"அது எந்த நாட்டுல இருக்கு?"

"கனடாதான் சார். அங்கேருந்து கால்கரி ஒண்ணரை மணி நேரம்."

போனை வைத்த பிறகு மோர் குடித்தேன்.

சிங்கப்பூர், சரி. டோக்கியோ, போகட்டும். ஆனால் தஞ்சாவூர் போகிறவன் கிட்டே வந்துவிட்டு வல்லத்தில் இறங்கி லாட்ஜில் தங்குவானா? மகள் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் ஓட்டலில் நான்கு ராத்திரி எதற்கு?

இது ஊர் பார்க்கிற ஏற்பாடு இல்லை. எங்களைத் தள்ளிப்போடுகிற ஏற்பாடு. செந்தில் இல்லை, சம்பந்தி இல்லை. என் பெண்தான். நாங்கள் வந்து சேருவது அவளுக்கு வேண்டாம். அல்லது வந்து சேரும்போது ஏதோ ஒன்று தயாராக இருக்காது.

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டேன். வ. ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாகக் கேட்பாள்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி. வ. விடிந்ததுமே மாரியம்மன் கோவிலுக்கு, கூழ் ஊற்றிவிட்டுச் சாயங்காலம்தான் வருவாள். நான் மட்டும் வீட்டில். நானே தேனுவுக்கு வீடியோ போட்டேன்.

டிக்கெட் எடுக்காதவனிடம் "டிக்கெட் எங்கே" என்று கத்தக்கூடாது. கத்தினால் அவனும் கத்துவான். கையை நீட்டிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். அப்படித்தான் செய்வதாக இருந்தேன். பெற்ற பெண்ணிடம் கையை நீட்ட வரவில்லை.

"அந்த ஜன்னல் மரத்தக் கொஞ்சம் காட்டும்மா. இப்ப பச்சையா இருக்குமே" என்றேன்.

படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நிற்கவில்லை, கண் சிமிட்டினாள்.

"இங்க மரம் தெரியாதுப்பா."

"ஏம்மா?"

"இது வேற வீடு. கீழ ஒரே ரூமு. ஜன்னல் மேல, கூரைக்கிட்ட இருக்கு. ரோட்டுல நடக்கறவங்க காலுதான் தெரியும்."

பிறகு எல்லாம் வந்தது. மாப்பிள்ளையோடு பெரிய சண்டை என்று ஒன்றும் இல்லையாம். பேச்சு நின்றுபோயிற்றாம். பேச்சு நின்ற வீட்டில் இருக்க முடியாமல் ஏப்ரலில் அவளே வெளியே வந்துவிட்டாள். மேல்தளத்தில் இருக்கும் பஞ்சாபி அம்மா சப்பாத்தி கொடுப்பாராம்.

"ஒவ்வொரு ஊரா சொன்னா, அதுக்குள்ள நல்ல வீடா ஒண்ணு பாத்துடலாம்னு நெனச்சேன். இல்லன்னா அவர் மனசு மாறி கூப்புட்டா, உங்களுக்குத் தெரியாமயே போயிடும்லன்னு. ரெண்டும் நடக்கல. அதான் வான்கூவர்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாள். சிங்கப்பூர்ச் சோறு, டோக்கியோச் சோறு.

நான் சந்தேகப்பட்டது சரியாக இருந்தால் எனக்கு எப்போதும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். சர்வீஸ் முழுக்க வந்திருக்கிறது. இன்று வரவில்லை. என் குழந்தை நாலு மாதமாக ஊராரின் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுங்கப்பா. நான் டிசம்பர்ல அங்க வரேன். நேர்ல பேசிக்கலாம்."

வாயில் வந்தது இதுதான்:

"அது முடியாதும்மா. பரஸ்தானம் வெச்சாச்சு. பெட்டி பாக்கியம் வீட்டுல இருக்கு. திரும்ப நம்ம வீட்டுப் படி ஏறக்கூடாது."

"அப்பா! நீங்களா இதெல்லாம் பேசறீங்க?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, சின்ன வயதில் ஐஸ் கேட்கிற குரலில்,

"அப்ப எங்கயும் எறங்காம வந்துடுங்கப்பா" என்றாள்.

அதே நாள், சாயங்காலம்

வ.விடம் எப்படிச் சொல்வது? மத்தியானம் முழுக்க ஒத்திகை. வேட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். பெட்டியிலிருந்து மாப்பிள்ளைக்கு எடுத்ததை வெளியே எடுத்துவிடலாமா என்று கேட்டால் அவளே புரிந்துகொள்வாள்.

துண்டு எடுக்க பீரோவைத் திறந்தேன். மேல்தட்டில் பட்டுக்கரை வேட்டி. சட்டை, அட்டை பிரிக்காமல். மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்று செய்த அதிரச டப்பா. எல்லாம் இங்கேயே. பெட்டிக்குள் போகவே இல்லை.

பாக்கியத்திடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

வ. வாசற்படியில் நின்றிருந்தாள். நெற்றியில் குங்குமம், கையில் வேப்பிலை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தோணுச்சு. மூணு மாசமா 'அவருக்கு என்ன கொண்டு வரணும்'னு நான் கேட்டா, 'உங்களுக்கு எது தோணுதோ'ங்கறா. அப்படியா பேசுவா அவ?"

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

வேப்பிலையை நிலையில் செருகினாள். திரும்பிப் பார்க்காமலே,

"நீங்க இன்ஸ்பெக்டரு. அவள நடுவழியில எறக்கி விட்டுடுவீங்களோன்னு பயந்தேன். அவளும் அதத்தான் பயந்திருப்பா."

பீரோவைச் சாத்தினேன்.

ஜூலை 21, திங்கள்

தஞ்சாவூர். செந்திலிடம்: சிங்கப்பூரைத் தூக்கு. டோக்கியோவைத் தூக்கு. வான்கூவரைத் தூக்கு.

"மாத்தறதுக்குக் கொஞ்சம் புடிப்பாங்க சார்."

"புடிக்கட்டும்."

சிங்கப்பூரிலும் டோக்கியோவிலும் விமானம் மட்டும் மாற வேண்டும். கதவு விட்டுக் கதவு, வெளியே போவது இல்லை. நல்ல பையன்தான். டீ வாங்கிக் கொடுத்தான்.

பஸ் ஸ்டாண்டில் திருச்சி வண்டி. முன் கண்ணாடியில் "இடைநில்லா" என்று போர்டு. நின்று பார்த்தேன். எத்தனை தடவை இதில் ஏறியிருக்கிறேன், வாசித்ததே இல்லை.

சம்பந்தி போன். "தெரிஞ்சிடுச்சுங்களா?" என்றார். தெரிந்துவிட்டது என்றேன். "அவன் எங்ககிட்டயும் பேச மாட்டேங்கறான். அன்னைக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்ல முடியல." தேங்காய் நல்ல காய் என்றேன்.

ஜூலை 24, வியாழன்

காற்று அடங்கியிருக்கிறது. பூதலூரைச் சுற்றி நடவு பாதி முடிந்துவிட்டது.

மாத்திரை, பாஸ்போர்ட், கண்ணாடி, போன் சார்ஜர். வ.வின் முட்டித் தைலம், கைப்பையில் போகுமா தெரியாது.

அதிரசம் எடுத்துக்கொள்ளலாம் என்றாள் வ. பஞ்சாபி அம்மாவுக்கு.

கார் வந்துவிட்டது. வழியில் வல்லத்தில் ஒரு டீ குடிக்கலாமா என்கிறார் டிரைவர். திருச்சிக்கு வல்லம் வழியில்லையே, யார் அனுப்பிய ஆள் இவர்? வேண்டாம் என்றேன். பாக்கியம் வீட்டு வாசலில் மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், பெட்டிக்கு. அப்புறம் எங்கும் இறங்குவதாக இல்லை.