உள்ளங்கையளவு பின்சீட்டு

அன்பு ஆன்சி,

இங்க நான் சுகம். பாலக்கரை வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா? மாமாவுக்கு முட்டி வலி தேவலையா?

புனேல பைக் எடுக்கப் போயி குழம்பிப் போயிட்டேன். ஒண்ணு அந்தக் காலத்து ரேஸ் பைக் மாதிரி. அவ்வளவு அழகு, இன்ஜின் சத்தத்துல நெஞ்சே அதிருது. ஆனா குனிஞ்சு ஓட்டணும், பின்சீட்டு உள்ளங்கையளவுதான். இன்னொண்ணுல சொகுசா உக்காரலாம், பாக்கத்தான் சுமார்.

ரேஸ் வண்டியை ஓட்டிப் பாத்தப்ப ஷோரூம்காரர் பின்னாடி இருந்தார். ஸ்பீட் பிரேக்கர் வந்ததும், உன்னை வேலைக்கு ஸ்ரீரங்கம் ஸ்கூல்ல இறக்கிவிடற பழக்கத்துல, "ஆன்சி, பிடிச்சுக்க"ன்னுட்டேன். தமிழ் தெரியாத மனுஷன், குலுங்கினதுல என் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டார். சிரிச்சேன். கொஞ்ச நேரந்தான்.

நம்ம பழைய வண்டியோட பின்சீட்டை ஜாண் போட்டு அளந்து எழுது. நீ இங்க எப்ப வர்றேன்னும் எழுது. வரலேன்னா அந்த உள்ளங்கை சீட்டே போதும்.

ஷிப்டுக்கு நேரமாச்சு.

உன் ஆசீர்