விடுப்பில்லாத நோன்பு

2010 ஆகஸ்ட் 20. நோன்பு 9
சுள்ளென்று வெயில். பரங்கிப்பேட்டையே தூங்குகிற மாதிரி. மதிய லுஹர் தொழுதுவிட்டுச் சிமெண்ட் தரையில் படுத்தேன். மறுபடியும் அந்தச் சூடு வந்தது. நெஞ்சில் கிளம்பி, கழுத்து, காது, உச்சந்தலை. தரை மெல்ல மிதந்து ஆற்றோடு போகிற மாதிரி. கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது. பிறகு வியர்வை, ரவிக்கை தொப்பல். நோன்பு வாய், ஒரு மிடறு தண்ணீர் முடியாது.

மாதவிலக்கு நின்று ஏழு மாதம். வீட்டில் யாருக்கும் தெரியாது. என்னைக் கட்டிய மச்சான் குவைத்திலிருந்து பெருநாளைக்கு வருகிறார், மூன்று வருஷம் கழித்து. அதற்குள் இந்தச் சூடு அடங்கணும். கிழவியைப் பார்க்கவா டிக்கெட் போட்டார்?

இதுவரை செய்து பார்த்த கைவைத்தியம்: நன்னாரி (வாசனை மட்டும்). மோரில் கத்தாழை (வழவழ). சோயா உருண்டை. மச்சானைப் பெற்ற மாமி கடித்துப் பார்த்து, "இதென்னா ரப்பரா?"

ஆகஸ்ட் 23
புவனகிரி வைத்தியரிடம். மாமிக்கு முழங்கால் தைலம் வாங்க என்று வீட்டில் பொய். நோன்பு வைத்துக்கொண்டு பொய், அல்லாஹ் மன்னிக்கணும்.

"நோயில்லம்மா, நிக்கிற வயசு. எல்லாருக்கும் ஒரே மருந்து கேக்காது. திரும்ப உதிரப்போக்கு கண்டா மட்டும் லேடி டாக்டரப் பாருங்க."

தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி, நோன்பு திறந்ததும் பாலில். ஊறவைத்த வெந்தயமும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் கனவு. கல்யாணப் பந்தலில் மச்சான் என்னைத் தேடுகிறார். பக்கத்திலேயே நிற்கிறேன், கூப்பிட வாய் வரவில்லை. முட்லூரில் கண்டக்டர் விசில்.

ஆகஸ்ட் 26
புத்திசாலி வேலை. வெந்தயத்தைத் தனியாக ஊறவைத்தால் கேள்வி வரும். நோன்புக் கஞ்சியில் எப்படியும் வெந்தயம் உண்டே! மூன்று கை அள்ளிப் போட்டேன். பக்கத்து வீடுகளுக்கும் தூக்குவாளியில் போய்விட்டது.

பள்ளிவாசலில் பாங்கு. முதல் வாய். எல்லா முகமும் சுருங்கியது. மாமி: "கஞ்சியா இது, கஷாயமா?" எதிர்வீட்டுத் தூக்கு அப்படியே திரும்பி வந்தது. நான் மட்டும் மூன்று கோப்பை.

ஆகஸ்ட் 29
ஓரகத்தி ஜமீலாவுக்கு நேற்றிலிருந்து விலக்கு, அதனால் நோன்பில்லை. எங்கள் இருவருக்கும் நாள் ஒட்டி ஒட்டியே வரும். பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆம்பளைகளுக்குத் தெரியாமல் மீந்த இடியாப்பம் தின்போம். சிரிப்பை அடக்கவே முடியாது. இன்றைக்கு அவள் மட்டும் தட்டோடு.

"நீ எப்பக்கா வருவே? தனியா திங்க ஒப்பல."

"இந்த வருஷம் முப்பதும் புடிப்பேன்டி."

பார்த்துக்கொண்டே இருந்தாள். "அதான் கஞ்சில அவ்ளோ வெந்தயமா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை. முப்பதும் கிடைப்பது பாக்கியம் என்பார்கள். பாக்கியம்தான். ஆனாலும் அந்தக் கதவுக்குப் பின்னால் இனி எனக்கு வேலையில்லை.

செப்டம்பர் 6
மச்சான் வந்தாச்சு. பெட்டி மூன்று. தலைமுடி கருகரு. போன தடவையே காதோரம் வெள்ளையாச்சே? அறையில் வந்து உட்கார்ந்தார். கரண்ட் இல்லை. வியர்வையோடு காதுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கோடு, காலர்வரை.

"என்னா பூசியிருக்கீங்க?"

"கெழவனப் பாத்து நீ மொகஞ் சுளிச்சிட்டா?"

சிரித்தேன், சிரித்தேன், அதிலேயே சூடு ஏறிவிட்டது. மறைக்கவில்லை. "எனக்கு நின்னுபோச்சு மச்சான். இப்பிடித்தான் பத்திக்கிட்டு எரியுது."

மச்சான் எழுந்து கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஜன்னலோரம் நீ படு. எனக்கு எங்க படுத்தாலும் தூக்கம் வரும்."