மூன்றாம் மாடியில் கழன்ற வயர்கள்

என்னோடு ஒரே அறையில் இருந்து, ஒரே தொலைபேசிச் சத்தத்தில் தலையிடி வாங்கிய அன்புச் சேகருக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்கக் கூடாது. எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் போன வருடத்துச் சிறந்த கொம்பியூட்டர் உதவியாளர் நான்தானாம். நாளை மதியம் லொங்குய்ய் நகரத்து அலுவலகத்தின் பெரிய மண்டபத்தில் சாப்பாடு வைத்து, எல்லோருக்கும் முன்னால் என் கையில் ஒரு கேடயம் தரப் போகிறார்கள். "நீங்களா அக்கா? ஐயோ பாவம் கம்பெனி!" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது.

என் புத்தி உங்களுக்குத் தெரியும். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், இவர் ஏன் சிரிக்கிறார் என்று வீடு போகும்வரை யோசிக்கிறவள் நான். அந்தக் கீழ்த்தள அறையில் ஐந்து வருடம் சேர்ந்து குப்பை கொட்டினோம். கொம்பியூட்டர் ஒழுங்காக ஓடினால் எங்களை யாரும் நினைப்பதில்லை. நின்றுவிட்டால்தான் நாங்கள் இருக்கிறோம் என்ற ஞாபகமே வரும், அப்போதும் "ஏன் இவ்வளவு நேரம்?" என்பதுதான் முதல் பேச்சு. மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவர்கள் திடீரென்று கேடயம் தருகிறார்கள் என்றால் சும்மாவா தருவார்கள்? தபால் பிரிவுக்காரருக்கு ஒருநாள் கேக் வெட்டி நன்றி சொன்னார்களே, மறந்துவிட்டீர்களா? அடுத்த மாதம் தபால் பிரிவே இருக்கவில்லை.

நம் பொறுப்பாளர் ஜிசெல் தானே படி இறங்கி வந்து சொன்னார். அவர் கீழே வந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. "பிராவோ, மாலா! வருடக் கடைசி மூன்று மாதத்தில் நீங்கள் எடுத்து முடித்த தொலைபேசிக் கோல்கள் மற்ற எல்லாரையும் விட அதிகம். அதுதான் உங்களை மேலே கொண்டு வந்தது" என்றார்.

கடைசி மூன்று மாதமா? யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணமே மூட்டை கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்த மாதங்கள் அவை. அம்மாவும் அப்பாவும் எந்த ரோட்டில் நிற்கிறார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறார்கள், இருக்கிறார்களா இல்லையா என்றே எனக்குத் தெரியாத மாதங்கள். நான் வேலைக்கு வந்தேன், அது உண்மை. வேலை செய்தேன் என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். கழிவறைக்குள் இருந்து அழுதேன். நடைபாதையில் இருந்த பொதுத் தொலைபேசியில் ரொறன்ரோ, லண்டன், கொழும்பு என்று கண்ட கண்ட பேருக்கெல்லாம் அடித்து, கண்டீர்களா, கேள்விப்பட்டீர்களா என்று கேட்டுக்கொண்டு நின்றேன். இதற்கா கேடயம்?

இதைப் பத்திரிகையில் படிக்கப் போகும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். நம் தொழிலில் ஒரு பிழையைத் திருத்தி முடித்ததும் அதைக் கொம்பியூட்டரில் பதிய வேண்டும். எந்த மாடி, என்ன பிழை, என்ன செய்தோம் என்று எழுதி, கடைசிப் பெட்டியில் திருத்தியவரின் முதல் எழுத்துகளைப் போட வேண்டும். எனக்கு எம்.எஸ்., உங்களுக்கு எஸ்.ஆர். வருட முடிவில் ஜிசெல் அந்த எழுத்துகளைத்தான் எண்ணுவார். யார் பொறுமையாகப் பேசினார், யார் திருத்தியது மறுபடி பழுதாகாமல் நின்றது என்பதற்கெல்லாம் அங்கே பெட்டி கிடையாது.

ஆக, யாரோ வேண்டுமென்றே என் எழுத்துகளைப் போட்டிருக்கிறார்கள். என் சந்தேகம் உடனே ரேஜான் மேல்தான் போனது. அறையில் மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தானே. இன்றைக்குக் கேடயம் வாங்கித் தருவான், நாளைக்கு இவள் பதிந்தது முழுக்கப் பொய் என்று காட்டிக் கொடுப்பான், நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று கணக்குப் போட்டேன். மூன்று நாள் அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாவி, அந்த நேரம் பார்த்து எனக்குக் கோப்பி வேறு வாங்கி வந்தான். மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டு, அவன் திரும்பிய நேரம் கைகழுவும் தொட்டியில் ஊற்றினேன். உங்களுக்கு இது பெரிய பகிடியாக இருக்கும்.

அந்த மூன்று மாதப் பதிவையும் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை காலை, புட்டுப் பானை அடுப்பில் இருக்க, சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மூன்றாம் மாடி, திரை தெரியவில்லை: வயர் கழன்றிருந்தது, மாட்டினேன். எம்.எஸ். நான்காம் மாடி, பிரின்டர் வேலை செய்யவில்லை: வயர் கழன்றிருந்தது. எம்.எஸ். திரும்ப மூன்றாம் மாடி. திரும்பவும் வயர். ஒரு கட்டடத்தில் இத்தனை வயர் எப்படிக் கழலும்? அங்கே என்ன எலிப்பண்ணையா வைத்திருக்கிறார்கள் என்று வாய்விட்டே கேட்டேன்.

பிறகு கை அப்படியே நின்றுவிட்டது. உலகத்தில் ஒரு ஆள்தான் அப்படிப் பதிவார்.

திரையைப் போட மறந்துவிட்டு "கொம்பியூட்டர் செத்துவிட்டது" என்று கத்துகிறவர்களைப் பற்றி ரேஜான் "பாவனையாளர் சுவிட்ச் போடவில்லை" என்று எழுதுவான். நானும் அதையே எழுதி, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறியும் போடுவேன். நீங்கள் மட்டும் எதற்கெடுத்தாலும் வயர் கழன்றது என்று எழுதுவீர்கள். ஏன் பொய் எழுதுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஜிசெல் இதையெல்லாம் படிப்பாங்கக்கா. பாவம், மேல இருக்கவங்க மானம் போயிடும். வயருக்கு ஏது மானம்?" என்றீர்கள்.

அப்போதும் என் புத்தி உங்களை நல்லவராக நினைத்ததா? இல்லை. தன் பொய்களை எல்லாம் ஏன் என் தலையில் கட்டினார் என்றுதான் முதலில் யோசித்தேன். திங்கட்கிழமை மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனேன். அங்கே அடிக்கடி வயர் கழன்ற மேசை லூசி என்கிற அம்மாவுடையது. கார்த்திகை மாதத்தில் உங்கள் திரையைத் திருத்த நான் வந்தேனா என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்.

"நீங்களா? நீங்கள் ஒருநாளும் வந்ததில்லையே. மெஸ்யூ சேகர்தான் வருவார்."

"வயர் கழன்றிருந்ததா?"

"எந்த வயர்? நான்தான் திரையைப் போட மறந்திருந்தேன். அவர் மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தட்டிவிட்டு, சரியாகிவிட்டது மதாம் என்றார். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்." பிறகு என்னைப் பார்த்து, "அவர் எங்கே? கன நாளாகக் காணவில்லையே, லீவா?" என்று கேட்டார்.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது, சேகர். மூன்றாம் மாடியில் யாருக்கும் தெரியாது. நான்தான் சொன்னேன். லூசி வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கேடயம் கொடுக்க மண்டபம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு மனிதன் செத்தான் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டத் தெரியவில்லையா?

கீழே வந்து ரேஜானைப் பிடித்தேன். அவன் தோளைக் குலுக்கினான். "உனக்குத் தெரியாதா? வேலை முடிந்து போகுமுன் சேகர் இருந்து எல்லாவற்றையும் உன் எழுத்தில் பதிவார். ஏன் என்று கேட்டேன். அவளுக்கு அம்மாவைத் தேடுகிற வேலை இருக்கிறது, இந்த வேலையை நான் பார்க்கிறேன் என்றார். நீ கேட்டுத்தான் செய்கிறார் என்று நினைத்தேன்."

நான் கேட்டேனா? நான் என்ன கேட்டேன் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் நடைபாதையிலிருந்து திரும்பி வந்தபோது நீங்கள் என் கதிரையில் இருந்தீர்கள். என்னைக் கண்டதும் துள்ளி எழும்பினீர்கள். என் மேசை லாச்சியில் எதையோ தேடுகிறார் என்று நினைத்தேன். அடுத்த கிழமை என் போன் அடிப்பதே நின்றுவிட்டது. பார்த்தால் உங்கள் மேசைக்குத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். சரி, என் கோல்களைத் திருடுகிறார், என் பெயரில் ஒன்றும் இல்லாமல் பண்ணி என்னை அனுப்பப் பார்க்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். சாப்பாட்டு அறையில் அத்தனை பேருக்கு முன்னால் வந்து நின்றேன்.

"என்ரை கோலையெல்லாம் ஏன் உங்கடை மேசைக்குத் திருப்பி வைச்சிருக்கிறியள்? எனக்கு வேலை தெரியாதெண்டு காட்டவோ?"

"ஐயோ, இல்லக்கா. போன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. நீங்க இருக்கற நிலைமையில..."

"என்ரை நிலைமையை நான் பாப்பன். நீங்கள் உங்கடை அலுவலைப் பாருங்கோ!"

நீங்கள் தயிர்ச்சாதப் பெட்டியைப் பாதியில் மூடிக்கொண்டு எழும்பிப் போனீர்கள். அதோடாவது நான் விட்டேனா? நேரே ஜிசெலிடம் போய் முறைப்பாடு வைத்தேன். அவர் பதிவைத் திறந்து உங்கள் எழுத்துகளை எண்ணினார். எஸ்.ஆர். என்று ஒன்றிரண்டுதான் இருந்தன. தையில் உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? பதிவைத் திறந்து, "பாருங்கக்கா" என்று காட்டியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேனே. என் வேலை போய்விடும் என்று பயந்தீர்களா? இல்லை, இவள் எதைக் காட்டினாலும் நம்ப மாட்டாள் என்று விட்டுவிட்டீர்களா? அம்மாவும் அப்பாவும் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரோடு இருக்கிறார்கள் என்று மார்கழிக் கடைசியில் செய்தி வந்தது. அதைக்கூட உங்களுக்கு நான் சொல்லவில்லை. பொஞ்சூர் என்று வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தோம். மாசியில் ஒரு ஞாயிறு காலை, கர்க்லாண்டில் உங்கள் வீட்டு வாசலில் பனி தள்ளும்போது விழுந்தீர்கள். உங்கள் செத்தவீட்டில் நான் கடைசி வரிசையில் நின்றேன். கிட்ட வர மனம் வரவில்லை.

ஜிசெலிடம் போய், கேடயம் எனக்குரியது இல்லை, அது சேகருடைய வேலை என்று சொன்னேன். அவர் எழும்பிக் கதவைச் சாத்தினார். "கேடயத்தில் உங்கள் பெயரைப் பொறித்தாகிவிட்டது, மாலா. பதிவு பொய் என்று நீங்களே சொன்னால் உங்கள் ஃபைலையும் நான் திறக்க வேண்டி வரும்" என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. அது புத்திமதியா மிரட்டலா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

போன ஞாயிறு கர்க்லாண்டுக்குப் போனேன். உங்கள் மனைவி வசந்தி கோப்பி போட்டுத் தந்தா. இந்த முறை மணந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அதையும் இதையும் கதைத்துவிட்டு, உள்ளே போய் அந்த எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தா.

"இதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு அவர் மேல கோவம் போகலைங்க. டெய்லி ஏழு மணிக்குக் கிளம்பிப் போய் இந்த மனுஷன் என்னதான் பண்ணிட்டு இருந்தார்? வேலையே செய்யலேன்னு எழுதியிருக்காங்களே. அப்போ எங்க போய் உக்காந்திருந்தார்? யார்கிட்ட போய்க் கேக்கறது? செத்தவரைப் போய் சந்தேகப்படறேன் பாருங்க."

நான் பதிவுத் தாளை விரித்தேன். எந்த வரி உங்களுடையது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். லூசி சொன்னதைச் சொன்னேன், ரேஜான் சொன்னதைச் சொன்னேன். வசந்தி ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து வைத்துப் படித்தா. பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதா.

"அந்த ஆபீஸ்ல அவரை நம்பினது நீங்க ஒருத்தர்தான்க்கா" என்றா.

நான் கோப்பியைக் குடித்தேன், சேகர். அந்தக் கடிதம் யார் போய்ச் சொன்னதால் வந்தது என்று சொல்லவில்லை. கேடயம் தரும் அன்றைக்கு மண்டபத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் என்னை நானே திட்டினேன்.

நாளைக்கு என் பெயரைக் கூப்பிடும்போது எழும்பிப் போவேன். இந்த வேலை முழுக்க சேகர் செய்தது என்று பிரெஞ்சில் சொல்வேன், எழுதிப் பாடமாக்கி வைத்திருக்கிறேன். அது லேசு. எல்லோரும் கை தட்டுவார்கள், எவ்வளவு நல்ல பெண் என்பார்கள். அங்கேதான் எனக்கு என் மேலேயே சந்தேகம். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் கதிரைக்குத் திரும்பிவிடக்கூடியவள் நான். அதனால்தான் இந்தக் கடிதத்தை இன்றைக்கே நம் தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். நான் சொல்லாமல் விட்டாலும் இது சொல்லிவிடும்.

ஆனால் பத்திரிகையில் படித்து அறிய விடமாட்டேன். கைதட்டல் ஓய்ந்ததும், முன்வரிசையில் இருக்கும் வசந்தியைப் பார்த்துத் தமிழில் சொல்வேன்: "வசந்தி, உங்கடை மனுசன் வேலை செய்யேல்லை எண்டு கோள் மூட்டினது நான்தான்." மண்டபத்தில் அது விளங்கப் போவது அவவுக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு வேலையை எடுத்தால் எடுக்கட்டும். அவ என் முகத்தில் முழிக்காமல் விட்டால் அதையும் ஏற்றுக்கொள்வேன். உங்களுக்கு நான் தரும் வாக்கு இது.

உங்களை நம்பாமல் போன
உங்கள் அக்கா,
மாலா