தைனாராவின் கேள்வி

மார்ச் 12
போலீஸ் துறை சார்பில் ஐந்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் என் முதல் பாடம். போதைப்பொருளையும் வன்முறையையும் எப்படித் தவிர்ப்பது. முப்பது பிள்ளைகளுக்கும் என் போலீஸ் சீருடையைப் பார்த்ததில் ஒரே குதூகலம்; ஆசிரியைகளைக் கூப்பிடுவதுபோல என்னையும் ‘அத்தை’ என்றே கூப்பிட்டார்கள். தைனாரா என்ற சிறுமி மட்டும் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தாள். கடைசிவரை முதுகுதான்.

மார்ச் 19
வகுப்பாசிரியை நெய்டி சொன்னார்: போன வருஷம் எங்கள் ஆட்கள் வீடு மாறிப் போய் தைனாராவின் வீட்டுக் கதவை உடைத்தார்களாம். அவள் அண்ணனைத் தரையில் கவிழ்த்து மிதித்திருக்கிறார்கள். தேடிய ஆள் பக்கத்துத் தெருவில் இருந்தானாம். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.
‘எங்கள் ஆட்கள்’ — எழுதவே கை தயங்குகிறது.

ஏப்ரல் 2
பிள்ளைகள் கேள்வி எழுதிப் போட வகுப்பில் வைத்த பெட்டியில் பெயரில்லாத சீட்டு: “யூனிஃபார்ம் போட்டவங்க அடிச்சா யார்கிட்ட சொல்லணும்?” துறை கொடுத்த பாடக் கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 9
போலீசார் மீதான புகாரை எங்கே கொடுப்பது என்று கரும்பலகையில் முகவரியோடு எழுதினேன். துணைக்கு நானே வருவேன் என்றும் சொன்னேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. தைனாரா திரும்பி, நோட்டில் குறித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 16
தைனாரா வரவில்லை.

ஏப்ரல் 23
பள்ளி வாசலில் அவள் அம்மா ரோசில்டா எனக்காகக் காத்திருந்தார்.
“உங்கள நம்பிப் புகார் குடுத்தா, நாளைக்கே என் பையன ரோட்டுல மறிப்பாங்க. அப்ப நீங்க பக்கத்துல இருப்பீங்களா, மேடம்?”
இருக்க முடியாது என்றேன்.
“பொய் சொல்லல நீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மே 7
ரோசில்டாவே வந்து கூப்பிட்டார்; புகார் கொடுத்தாயிற்று. ரோசில்டா, மகன், நான். அவன் பேசும்போது கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். பத்தொன்பது வயது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 10
எங்கள் போலீஸ் கேப்டன் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. “ஜாண்டிரா, பாடம் நடத்தத்தான் உன்னை அனுப்பினோம். நம்மாளுங்க மேல புகார் எழுதிக் குடுக்க இல்ல.”
பாடத்தைத்தான் நடத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். சரி சார் என்று வந்துவிட்டேன். சே.

ஜூலை 2
சான்றிதழ் விழா. போதைப்பொருளைத் தொடமாட்டோம் என்று பிள்ளைகள் பிரேசில் கொடிக்கு முன்னால் உறுதிமொழி சொன்னார்கள். தைனாரா சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. புகார் இன்னும் விசாரணையில். அண்ணனை இதுவரை யாரும் மறிக்கவில்லையாம். எனக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது: ஆகஸ்ட் முதல் கோப்பறை வேலை.
சான்றிதழ் வாங்க வந்த தைனாரா மேடையிலேயே நின்றாள்.
“அத்தை, அடுத்து யாரு வருவாங்க?”
“தெரியலம்மா.”
“அவங்ககிட்டயும் கேள்வி கேக்கலாமா?”
கேப்டன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.
“கேளு” என்றேன்.