எல்லோரிடமும் கேட்கிற கேள்வி

என் அன்பான 'இஞ்சாருங்கோ'வுக்கு,

ஒருநாளும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை. கொழும்புத்துறையில் எல்லாம் வழமைபோலத்தான். உங்கள் வள்ளத்தை வாங்கியவர் அதற்கு நீலம் அடித்திருக்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை.

உங்களுக்கு வந்த காசநோய் எனக்கும் வந்துவிட்டது. முன்பெல்லாம் வந்தால் எழும்பமாட்டாத பக்கத்து வீட்டு அன்னம்மா, இப்போது படலையில் நின்றே கதைத்துவிட்டுப் போகிறாள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. எவ்வளவு குறைத்துச் சமைத்தாலும் சோறு மிஞ்சுகிறது.

நீங்கள் போன அதே கிளினிக்குக்குத்தான் போனேன். தாதி மிஸ்ஸி என்னைத் தனியறைக்குள் கூப்பிட்டுக் கேட்டார். "அம்மா, எச்.ஐ.வி.க்கும் இரத்தம் சோதிச்சுப் பாப்பம். உங்களுக்குச் சம்மதமோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களிடமும் இதைத்தானே கேட்டார்கள்? "கட்டாரிலை வேலை செய்திட்டு வந்தவன் எண்டு என்னைச் சந்தேகப்படுறாங்கள். இனி அந்தப் பக்கம் போகமாட்டன்" என்று சட்டையைக் கழற்றி எறிந்தீர்கள். அதோடு காசநோய்க்குத் தந்த குளிசையையும் விட்டீர்கள். இருமி இருமியே போய்ச் சேர்ந்தீர்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து மர வாங்கில் உட்கார்ந்தேன். பக்கத்தில் எங்கள் பங்கின் வயதான கன்னியாஸ்திரி, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். அவருக்கும் காசநோயாம்.

"என்னட்டையும் கேட்டவை பிள்ளை" என்று முகக்கவசத்துக்குள் சிரித்தார். "காசநோய்க்காரர் எல்லாரிட்டையும் கேக்கிறதாம். ஓம் எண்டு கையை நீட்டிப்போட்டன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு உங்கள் மேல் அப்படியொரு கோபம். சிஸ்டரிடமே கேட்கிறார்கள், உங்களிடம் கேட்டால் என்ன குறைந்து போய்விடும்? கட்டாரில் ஏதும் நடந்ததா? நான் கேட்கவுமில்லை, நீங்கள் சொல்லவுமில்லை.

உள்ளே போய்க் கையை நீட்டினேன். முடிவு வரும்வரை உங்கள் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நேற்றுச் சொன்னார்கள். எனக்கு இல்லை. மிஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருந்திருந்தாலும் பயமில்லை அம்மா. அதுக்கும் மருந்து இருக்கு, இதுக்கும் மருந்து இருக்கு" என்றார். அதைக் கேட்டுத்தான் அழுதேன். நல்ல செய்தி கேட்டு அழுகிறேன் என்று அவர் நினைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், சொல்வதற்கு ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குளிசையை ஒருநாளும் தவறவிடமாட்டேன். செத்தவீட்டில் எல்லோருக்கும் சொன்னதுபோல உங்களுக்கு நெஞ்சுவருத்தம், மாரடைப்பு என்று இனிச் சொல்லவும் மாட்டேன். அந்தக் கிளினிக்கிலிருந்து யாராவது கோபித்துக்கொண்டு எழும்பிப் போனால், எனக்கு மூச்சு வாங்கினாலும் பின்னால் ஓடிப்போய் மறிப்பேன். "என்னட்டையும் கேட்டவை தம்பி. திரும்பி வாங்கோ" என்று கையைப் பிடித்துக் கூட்டிவருவேன்.

உங்கள் மனுசி,
பிலோமினா